தாத்தாவின் ஆறு மா நிலம்

“ஏன் தம்பி, இந்த ரோட்டுக்கு எருமைன்னு பேரு வச்சிருக்காங்களே, ஒரு எருமையையும் காணலையே?”

தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ ரோட்டில், நான் படித்துக் காட்டிய பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி தாத்தா கேட்ட கேள்வி இது. 2013ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவருக்கு அப்போது தொண்ணூறு வயது. நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் குவிந்து கிடந்த கடைகளுக்கு நடுவே கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. அவர் நகரவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் அவர் எந்த இடத்தைவிட்டும் நகர்ந்ததில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் பெரிதாக நடந்தது. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றிலும் புல்லும் இருந்ததால் இங்கே மாட்டுப் பட்டி போட்டார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற மாட்டு வணிகரின் பெயரில் இன்றும் அருகில் ஒரு சாலை இருக்கிறது. அடுத்த தெருவின் பெயர் கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மாட்டுப் பட்டி. என் மகள் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரே அதன் சுருக்கம்தான்.

தாத்தா குனிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று வயதுக் கொள்ளுப் பேத்தியைப் பார்த்தார்.

“அப்ப இவ மாட்டுக் கொட்டகையில பொறந்தவளா? அதான் என்னைக் கண்டா ஒட்டிக்கிறா.”

பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்குத் தெரியும்டா. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன். நான் இருந்த காலத்துலயே இந்த ரோட்டுல எருமை இல்ல. ஆனா சிராங்கூன் பக்கம் பால்காரங்க வீட்டுல மாடு கட்டியிருப்பாங்க. சாண வாசனை வரும். இப்ப அதுவும் இல்ல.”

ஆம், தாத்தா இந்த ஊருக்குப் புதியவர் அல்லர். நான் பிறப்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூருக்கு வந்து, ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டுப் போனவர்.

விடிந்து எழுபவன் விருந்தாளி

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மற்ற ஊர்களுக்கெல்லாம் போய், மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். அங்கே தாத்தாவுக்கு ஆறு மா நிலம். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மா என்றால் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ முப்பத்து மூன்று சென்ட். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். ஒரு காற்பந்துத் திடலைவிடச் சற்றுப் பெரிய இடம், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறைக்கு நாங்கள் போய் இறங்கினால், மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குப் போர்வை காணாமல் போகும். “விடிஞ்சு எழுந்திருக்கிறவன் விவசாயி இல்ல, விருந்தாளி” என்பார். வேப்பங்குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு முன்னால் நடப்பார். ஈர வரப்பில் வழுக்கி விழுந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார். எழுந்து வந்துவிட்டோமா என்று மட்டும் காதால் கவனித்துக்கொள்வார்.

ஒருமுறை, எனக்கு எட்டு வயது இருக்கும், தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து ஓடிவிட்டேன். தாத்தா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அறுப்பு முடிந்த வயலுக்கு அழைத்துப் போனார். சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கச் சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை பொறுக்கியும் ஒரு படி நெல் தேறவில்லை. அதை அப்பாயி உரலில் குத்திப் புடைத்துப் பொங்கினார். அன்றிரவு என் தட்டில் விழுந்தது அந்தச் சோறு மட்டும்தான். இரண்டு கைப்பிடி இருந்திருக்கும். இன்றுவரை நான் சோற்றை மிச்சம் வைத்ததில்லை.

எழுபது வயதில் ஒரு நாள் இரவு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு ஓடியவர், மதகடியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டு வைத்தியரிடம் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர், மறுநாள் காலையில் ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடித்து மடையைத் திறந்துகொண்டிருந்தார். அப்பாயி தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “இந்த மனுசனைக் கூப்பிட எமன் வந்தாலும், ‘செத்த நில்லு, மடையை அடைச்சிட்டு வாரேன்’ம்பாரு.”

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். பள்ளி இறுதித் தேர்வுக்கு முதல் நாள்கூடத் தன்னை உளுந்து பிடுங்க வைத்தார் என்ற வருத்தம் என் அப்பாவுக்கு உண்டு. ஆசிரியராகி, பணி ஓய்வும் பெற்ற பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார். எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது தாத்தா கேட்டது ஒரே கேள்விதான்.

“அந்த வேலைக்கு மழை வேணுமா?”

“வேண்டாம் தாத்தா.”

“அப்பப் போ.”

ரஜூலாவில் வந்தவர்

1949இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியபோது தாத்தாவுக்கு இருபத்தாறு வயது. அப்பாயியின் வயிற்றில் பெரியப்பா இருந்தார். அன்றைக்குத் தமிழகத்துக்கும் மலாயா, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலாவில் வந்து இறங்காத குடும்பம் இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் குறைவு. மேல்தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோறும் கருவாடுமாகப் பயணம். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். “கடல்ல அவ்வளவு தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியல. அன்னைக்குத்தான் வாய்க்கால் தண்ணியோட அருமை தெரிஞ்சுது” என்பார்.

வேலை கிடைத்தது செம்பவாங் கடற்படைத் தளத்தில். தமிழர்களும் மலையாளிகளும் ‘நேவல் பேஸ்’ என்றே சொன்ன இடம். 1938இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட பெரிய உலர்துறையில் கப்பல் வந்து நிற்கும். அதன் அடிப்பாகத்துத் துருவைச் சுரண்டிச் சாயம் பூசும் கூட்டத்தில் அவரும் ஒருவர். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும். குடியிருப்புக்குப் பின்னால் கிடைத்த துண்டு மண்ணில் வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறார். கிடைத்த மண்ணைச் சும்மா விட அவருக்குத் தெரியாது.

1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. வீட்டுக் கூரை பறந்துபோனது அவருக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். “எல்லாரும் உசுரோட இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க ஒரு மாசம் ஆச்சு” என்று மட்டும் சொல்வார். அந்த மாதம் எப்படிப் போனது என்று சொன்னதில்லை. மறுவருடம் விடுப்பில் போனபோதுதான் நான்கு வயதுப் பெரியப்பாவை முதன்முதலாகப் பார்த்தார். பிள்ளை அவரைக் கண்டு அழுதுகொண்டு ஓடிவிட்டதாம்.

1958இல் மொத்தமாக ஊர் திரும்பினார். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் கோடாலித் தைலம் ஒரு டஜன், ஒன்பது வருடச் சேமிப்பு. தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பம் அது. அந்தப் பணத்தில் முதன்முதலாகச் சொந்தமாக ஆறு மா வாங்கினார். கடைமடையில் ஒரு காற்பந்துத் திடல் அளவு மண், செம்பவாங்கில் சுரண்டிய துருவுக்கு விலையாக வந்தது.

அறுக்க ஒன்றும் இல்லாத தை

நான் 2007இல் வேலைக்காக இங்கு வந்ததிலிருந்து தாத்தாவை அழைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: “அறுப்பை விட்டுட்டு எப்படி வாரது?”

2013 தையில் வந்ததற்குக் காரணம் பேரன் பாசம் அல்ல. அறுக்க ஒன்றும் இல்லை. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணை 2012இல் செப்டம்பர் 17 அன்றுதான் திறந்தது. குறுவை போயிற்று. தாமதமாக விதைத்த சம்பாவுக்கு மழையும் கைகொடுக்கவில்லை. கதிர் வரும் நேரத்தில் பயிர் கருகியது. “மாட்டுக்கு வைக்கோலா ஆச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, கடவுச்சீட்டு எடுக்கச் சொன்னார். பொங்கல் நாளில் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் இல்லை. இது எனக்கு அப்போது புரியவில்லை. சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க ஆசையோடு வருகிறார் என்று நினைத்து, விலங்குத் தோட்டத்துக்கெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தேன்.

விலங்குத் தோட்டம் அவரைக் கவரவில்லை. தேக்கா மளிகைக் கடைதான் கவர்ந்தது. பொன்னி அரிசி மூட்டைகளைப் பார்த்ததும் நின்றார். மலேசியாவிலிருந்து போன மசூரி நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமிழ்நாட்டில் உருவாக்கியதுதான் பொன்னி. அதை அவருக்கு யாரோ வேளாண்மை அலுவலர் எப்போதோ சொல்லியிருக்கிறார். “இந்தப் பக்கத்துப் பொண்ணு நம்ம ஊருக்கு வாழ வந்து, திரும்பப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்கா” என்று சிரித்தார். கடைக்காரரிடம் நாலு அரிசி வாங்கிக் கடித்துப் பார்த்து, “பழைய அரிசிதான், நல்லா உதிரும்” என்று சான்றிதழும் கொடுத்தார்.

பொங்கலுக்காக லிட்டில் இந்தியாவில் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். சிறுபிள்ளைகள் சுற்றிலும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு பசுவின் கழுத்தடியைத் தடவினார். அது தலையை நீட்டிக் கொடுத்தது. அதன் உதட்டை விரலால் தூக்கிப் பல்லை எண்ணினார்.

“நாலு பல்லு. இளசு.”

மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே அருகில் வந்தார். “எந்த ஊரு தாத்தா?” ஊரைச் சொன்னார். அந்த இளைஞரும் தமிழகத்துக் கிராமத்துப் பிள்ளைதான். “எங்க பக்கமும் தண்ணி இல்ல தாத்தா. மாட்டை வித்துட்டுத்தான் இங்க மாடு மேய்க்க வந்திருக்கேன்” என்றார்.

தாத்தா பதில் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். என் தோளில் அவர் அப்படிக் கை வைத்ததாக எனக்கு நினைவில்லை.

செம்பவாங் கடற்கரையில்

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவரைச் செம்பவாங் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். கடற்படைத் தளம் 1968லேயே செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிவிட்டது. அவர் இருந்த குடியிருப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வழி நெடுக அடுக்குமாடி வீடுகள். “அங்க ஒரு மலாய்க்காரர் கடை இருந்துச்சு... இங்க ஒரு தண்ணிக் குழாய்...” என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர், கடலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே ஜோகூர் கரை தெரிந்தது. அதுமட்டும் மாறவில்லை போலும்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “ஏன் தாத்தா திரும்பிப் போனீங்க? இங்கேயே இருந்திருந்தா நாங்கல்லாம் இங்கயே பொறந்திருப்போமே?”

“இங்க என்ன குறை? சோறு இருந்துச்சு, சம்பளம் இருந்துச்சு. ஆனா துருவைச் சுரண்டி முடிச்சா கப்பல் போயிடும்டா. எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாது. நெல்லு அப்படி இல்ல. போட்ட எடத்துலயே முளைக்கும். தெனம் போய்ப் பார்க்கலாம்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “கவலைப்படாதீங்க தாத்தா. நாங்க இருக்கிறவரை அந்த நிலத்தை விக்க மாட்டோம்” என்றேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். எரிந்து விழுந்தார்.

“உன்னை யாருடா அப்படிக் கேட்டது? நிலத்தை விக்கிறது குத்தம் இல்ல. தரிசாப் போடுறதுதான் குத்தம். அன்னைக்கு அந்த மனுசன் விக்கலைன்னா நான் எப்படி வாங்கியிருப்பேன்?”

அப்போது அது எனக்கு ஒரு முரட்டுக் கிழவரின் பேச்சாகத்தான் பட்டது.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஊருடன் தொடர்பு அறுந்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா, சித்தப்பா, தம்பி என்று மாறி மாறி அழைத்தேன். யாருக்கும் மணி அடிக்கவில்லை. 1952இல் கடிதத்துக்காகக் காத்திருந்த தாத்தாவின் அந்த ஒரு மாதத்தை நான் நான்கு நாளில் வாழ்ந்து பார்த்தேன்.

ஐந்தாம் நாள் சித்தப்பா மகன் பேசினான். ஓட்டு வீட்டில் பாதி இல்லை. நாற்பது தென்னையில் முப்பத்தொன்று சாய்ந்துவிட்டது. தாத்தா நலம்.

“என்ன பண்றாரு?”

“மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கெடைக்கலன்னு திட்டிக்கிட்டு இருக்காரு அண்ணே.”

அந்தத் தை மாதம் ஊருக்குப் போனேன். தென்னை விழுந்த குழிகளைச் சுற்றித் தாத்தா தடியோடு நடந்துகொண்டிருந்தார். குழிக்கொரு கன்று. தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அவருக்கு வயது தொண்ணூற்றாறு. “யாரு தாத்தா இதுல தேங்காய் பறிக்கப் போறது?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “முன்னாடி இருந்த மரத்தை நட்டவன் அப்படிக் கேட்டிருந்தா, நீ தேங்காச் சட்னி தின்னுருக்க மாட்ட” என்றார்.

அந்த ஆறு மாவில் ஒரு மாவில் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் நின்றது. எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில், ‘நெல்’ ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் சித்தப்பா மகன் வாங்கிவந்த விதை. இரண்டு கிலோ கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை அப்படித்தான் மீட்டெடுத்தார் ஜெயராமன். கஜா அடித்த மூன்றாம் வாரத்தில், 2018 டிசம்பர் 6 அன்று, அவர் மறைந்தார். “வாங்கின கடனைக் கொடுக்கணும்” என்று தாத்தா அந்த நான்கு கிலோவை மட்டும் தனியே கட்டி வைத்திருந்தார்.

அதற்காக அவர் பழமையைப் போற்றியவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1960களில் ஐஆர் 8 வந்தபோது ஊரில் முதலில் போட்டவர்களில் அவரும் ஒருவர். “பழசெல்லாம் பொன்னுன்னு பேசுறவன் பசியைப் பார்த்திருக்க மாட்டான். ஐஆர் எட்டு வந்த பிறகுதான் நம்ம வீட்டுல ராத்திரியிலயும் உலை வச்சோம்” என்பார். பிறகு ஏன் மாப்பிள்ளைச் சம்பா? “புயல்ல, வெள்ளத்துல தாங்குறது ஒண்ணு கையில இருக்கட்டுமே.” அவருக்கு விதை என்பது பெருமை அல்ல, ஏற்பாடு.

“எத்தனை மா?”

இங்கே தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களுக்குத் தோட்டப் பாத்தி வாடகைக்குக் கொடுக்கிறது. எனக்கும் ஒன்று கிடைத்தது. 2019இல் காணொளி அழைப்பில் பெருமையாகக் காட்டினேன்.

“நிலமா? எத்தனை மா?”

“இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் தாத்தா.”

அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். சிரித்து முடித்ததும் கேட்டார்: “என்ன போட்டிருக்க?” முளைக்கீரை என்றேன். “நெருக்கமா இருக்கு பாரு, களைச்சு விடு. காலையில தண்ணி ஊத்து, ராத்திரி ஊத்தாத.” அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் என் வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்டதில்லை. கீரை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர் இது என்று சொன்னபோது மட்டும் சற்று நேரம் யோசித்தார். “அப்ப உங்க ஊரும் கடைமடைதான்” என்றார்.

அலுவலக நண்பர்கள் அவருடைய நீண்ட ஆயுளின் ரகசியத்தைக் கேட்பார்கள். கம்பங்கூழா, இயற்கை உணவா என்பார்கள். பழைய சோறும் சுண்டிய மீன் குழம்பும் சாப்பிட்டார். எழுபது வயதுவரை புகையிலையும் போட்டார். நானே ஒருமுறை கேட்டேன். “மறுநாளைக்கு வேலை இருக்கேன்னு படுத்தேன், எழுந்தேன். அப்படியே போயிருச்சு” என்றார். கோவை தேக்கம்பட்டியில் இரண்டரை ஏக்கரில் உழைத்த பாப்பம்மாள் பாட்டி 105 வயதில், 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் செய்தியைக் கேட்கத் தாத்தா இல்லை. 2020இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, மேட்டூர் அணை சொன்ன தேதியில் ஜூன் 12 அன்று திறந்தது. தாத்தா அப்போது படுக்கையில். தினமும் ஒரே கேள்விதான்: “தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?” கல்லணை தாண்டியாச்சு, இந்த ஊர் வந்தாச்சு என்று சித்தப்பா மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த மூன்றாம் நாள், ஒரு செம்பில் மொண்டு வந்து அவர் விரலை நனைத்திருக்கிறார்கள். அன்றிரவு போய்விட்டார். அப்பாயி சொன்னபடியே, எமனை நிற்க வைத்துத்தான் போயிருக்கிறார்.

கொவிட் காலம். வழக்கமான விமானங்கள் ஓடவில்லை. சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்து, போய், தனிமைப்படுத்தலும் முடிந்து வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். செங்காங் வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பார்த்தேன். படம் விட்டு விட்டு வந்தது. அந்தக் கால்களில் வெடிப்பு அப்படியே இருந்தது. என் மகள், “தாத்தா ஏன் செருப்புப் போடல?” என்று கேட்டாள்.

கையெழுத்து

தாத்தா போன பிறகு நிலத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியது. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு மா. பெரியப்பா பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும், நான் இங்கே. ஊரில் இருந்து உழுவது சித்தப்பா மகன் ஒருவன்தான். வெளியிலிருந்து நல்ல விலைக்குக் கேட்டும் வந்தார்கள். குடும்பக் குழு அழைப்பில் நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். தாத்தா ரத்தம் சிந்தி வாங்கிய மண், விற்கவே கூடாது, அப்படியே நம் பெயரில் இருக்கட்டும் என்றேன்.

எல்லாரும் பேசி முடித்த பிறகு சித்தப்பா மகன் தனியாக அழைத்தான்.

“அண்ணே, தப்பா நினைக்காத. நீ அங்கேருந்து பாசம் காட்டுற. வெள்ளத்துல நான்தான் நிக்கிறேன். நாளைக்கு உங்க பிள்ளைங்க கேட்டா நான் எங்க போறது? சொந்தம் இல்லாத மண்ணுல எத்தனை வருசம் எரு கொட்டுறது?”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது நியாயம். குத்தகை நிலத்தில் உழுதவனின் பயம் அது. அந்தப் பயம் வேண்டாம் என்றுதான் ஓர் இளைஞர் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். இப்போது நான் அவர் பெயரைச் சொல்லியே, அவருடைய இன்னொரு பேரனைக் குத்தகைக்காரனாக வைத்திருக்கப் பார்த்தேன். செம்பவாங் பெஞ்சில் கேட்ட முரட்டுப் பேச்சின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்பாவிடம் பேசினேன். உளுந்து பிடுங்க வைத்த கோபத்தை ஐம்பது ஆண்டாகச் சுமந்தவர் அவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உழுறவன்கிட்ட இருக்கட்டும். அவரு இருந்திருந்தா அதைத்தான் செய்வாரு” என்றார். பெரியப்பா வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். வெளியார் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாக, அறுப்புக்கு அறுப்பு தவணையாகக் கொடுத்தால் போதும் என்று முடிவானது. சென்ற தையில் திருத்துறைப்பூண்டி போய் அப்பாவோடு சேர்ந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டில் ‘என் நிலம்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு இனி ஒரு சென்ட்கூடக் கிடையாது.

முதல் தவணையாகப் பணம் வரவில்லை. ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கையில் ஐந்து கிலோ மாப்பிள்ளைச் சம்பா அரிசி வந்தது. தேக்காவில் வாங்கிய மண்பானையில் இந்த ஆண்டு அதைத்தான் பொங்கினோம். சிவந்த, தடித்த சோறு. வேக நேரம் பிடித்தது. பதின்ம வயது மகள் முதலில் முகம் சுளித்தாள். ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு படி நெல் கதை அவளுக்குத் தெரியும்.

அதன்பின் ஒரு நாள் காலை, ரயிலில் நின்றபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. முழங்கால்வரை சேறு அப்பிய இரண்டு கால்கள். பக்கத்தில் தாத்தாவின் பழைய மண்வெட்டி. பின்னால் தண்ணீர் மினுங்கும் வயல்.

“அண்ணே, மடை திறந்தாச்சு” என்று எழுதியிருந்தான்.

அந்த ஆறு மா இப்போது எங்கள் பெயரில் இல்லை. தரிசாகவும் இல்லை.